சித்ராவில் ஒரு தரை

சித்ராவில் வேலை என்று போனில் சொன்னதும்
மனைவி ஒரு நொடி பேசவில்லை.
ஊர்ப் பேர்தான், பஹ்ரைனில் ஒரு தீவு என்றேன்.
தீவுக்கு அந்தப் பேரை யார் வைத்தது என்றாள்.

சையத் ஹாஷிமின் கராஜ்.
இருபத்திரண்டு வருஷத் தரை.
கடல் நாலு தெரு தள்ளி என்பார்கள்;
தரையைக் கேட்டால்
இதோ அடியில் என்று சொல்லும்.
உப்பு கீழிருந்து ஏறிக் கம்பியைத் தின்று
துரு ஊதிப் புடைத்து
வெந்த தோசைபோல
ஓரம் தூக்கியிருந்தது காங்கிரீட்.
போன மாதம் ஒரு ஜாக்கி
பிளவில் கால் இடறி
லேண்ட் குரூசர்
மெக்கானிக் பௌலோஸின் செருப்பின்மேல் உட்கார்ந்துவிட்டது.
செருப்பில் அப்போது கால் இல்லை.
நான் போனதும்
அந்தச் செருப்பைத்தான் முதலில் காட்டினார்கள்.

மேலே பூசிவிட்டால் போதாதா என்றார் ஹாஷிம்.
சுத்தியலால் தட்டிக் காட்டினேன்.
நல்ல இடம் ணங் என்றது.
கெட்ட இடம் பொத் என்றது.
அவரே வாங்கி
தர்பூசணி வாங்குகிறவரைப்போல
மூலை மூலையாகத் தட்டிக் காது கொடுத்தார்.
பொத். பொத்.
சுத்தியலைத் திருப்பித் தந்து
எத்தனை தினார் என்றார்.

எல்லா வண்டியும் வெளியே போயின,
ஒன்றைத் தவிர.
நீல நிஸான் சன்னி,
நாலு சக்கரமும் காற்றிறங்கி.
கண்ணாடியில் வெள்ளை மார்க்கரில் ஒரு நம்பர்.
எகிப்துக்காரர், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார்,
கியர்பாக்ஸ் பார்க்க விட்டுவிட்டு
புக்ரா என்று போனாராம்.
புக்ரா என்றால் நாளை.
ஆறு வருஷம் ஆகிறது.
நானும் ஒரு தடவை அந்த நம்பரை அடித்தேன்.
பின்னால் மீன் பொரிகிற சத்தம்,
ஒரு பெண் குரல்,
ராங் நம்பர் என்றது அன்பாக.

விற்றுவிடலாமே அர்பாப் என்றேன்.
சாவி அவரிடம் இருக்கிறது என்றார் ஹாஷிம்,
அதற்குமேல் பேச ஒன்றுமில்லாததுபோல.

ஆறு பேர் நின்று தள்ளினோம்.
டயர்கள் தரையை விட்டு
ஒவ்வொன்றாக உரிந்து வந்தன.
அடியில் ஒரு வண்டி அளவுக்கு
எண்ணெய் படாத புதுத் தரை.
அன்றைக்கு இழைத்தவனின் கரணை வீச்சு
வளைவு வளைவாகத் தெரிந்தது.
எல்லாம் எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தன.
இடதுகைக்காரன்.
இந்தப் பக்கத்தில் இடதுகைக் கொத்தனார்
யாரையும் எனக்குத் தெரியாது.
இங்கே மட்டும் விட்டுவிடு, அழகாக இருக்கிறதே
என்றார் பௌலோஸ்.
தட்டினேன்.
பொத்.

ஆகஸ்ட். பகலில் கம்பியைத் தொட முடியாது.
இரவு பதினொன்றரைக்கு மிக்ஸர் வந்தது,
தண்ணீருக்குப் பாதி ஐஸ் போட்ட கலவை.
தெர்மாமீட்டரைக் குத்தினேன்: முப்பத்தொன்று.
அங்கே நின்ற எல்லோரையும்விடக்
குளிர்ந்திருந்தது அதுதான்.
இம்முறை அடியில் கறுப்பு பாலிதீன் இரண்டு மடிப்பு,
உப்பு வந்து கதவைத் தட்டிவிட்டுப் போகட்டும்.
நாலு மணிக்கு
ரொபியுலும் சவரிராயனும் பலகைமேல் மண்டியிட்டு
இழைத்துக்கொண்டே பின்னால் போனார்கள்,
போய்ப் போய் வாசலுக்கு வந்து
தெருவில் எழுந்து நின்றார்கள்.

காலையில் ரம்பத்தை இறக்கினேன்.
ஹாஷிம் தலையில் கட்டாத துணியோடு ஓடி வந்தார்.
புதுத் தரையை அறுக்கிறாயா?
வெடிக்கும் அர்பாப்,
எப்படிப் போட்டாலும் வெடிக்கும்.
இங்கே வெடி என்று
இன்றைக்கே கோடு போட்டுக் கொடுத்தால்
பெரும்பாலும் கேட்கும்.
கொஞ்ச நேரம் கோடுகளைப் பார்த்தார்.
சன்னி நிற்கிற இடத்தில் வேண்டாம் என்றார்.

அளவு நாடாவை மறுபடி விரித்தேன்.
என் கட்டங்களெல்லாம் நகர்ந்தன.
ஒரு கட்டம் மட்டும் பெரிசு,
எந்தக் கணக்குக்கும் ஒப்பாத பெரிசு.
வாத்தியார் வந்து பார்த்தால் திட்டுவார்.
நடுவில் தானாக ஒரு கீறல் விழும்,
என்னைக் குறை சொல்லக்கூடாது என்றேன்.
புக்ரா என்றார் ஹாஷிம்.

ஏழாம் நாள் சன்னியை உள்ளே விட்டோம்.
டயர்களுக்குப் பௌலோஸ் காற்றடித்திருந்தார்.
தள்ள
இரண்டு பேர் போதுமாயிருந்தது.