இடது தோள்

பெரிய மனிதர்களுக்கு நேரமில்லை.
முகத்துக்காக ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு
உடுப்பைப் பெட்டியில் வைத்து அனுப்பிவிடுவார்கள்.
மிச்சத்துக்கு நான்.

மணிக்கு இரண்டு பெசோ, குடிக்க மாத்தே.
ஜெனரல் இருரேத்தாவின் பதக்கங்கள் குத்தும்.
ஆயரின் அங்கியில் பூண்டு வாசம்.
பாடகி கத்தானியின் நரித்தோலுக்குள்
வியர்த்து மயங்கியே விழுந்தேன், ஒரு ஜனவரியில்.
அந்தச் சரிவை அப்படியே வைத்துக்கொண்டார்.
என்ன நளினம் என்று எழுதின பத்திரிகைகள்.

ஸிக்மாஸ் லித்துவேனியாக்காரர்.
நியூயார்க்குக்குச் சீட்டு வாங்கி
மான்டெவிடியோவில் இறக்கிவிடப்பட்டவர்.
முப்பது வருடம் ஆகியும் எங்கள் மொழியில்
இறந்தகாலம் மட்டுமே வந்தது அவருக்கு.
'நாளைக்கு வந்தாய், எவாரிஸ்தா' என்பார்.
நானும் வந்தேன்.

மூன்று மந்திரிகள், ஒரு நீதிபதி,
இறைச்சி ஆலை முதலாளியின் விதவை.
அவள் மட்டும் கைகளுக்கும் தானே உட்கார்ந்தாள்;
மோதிரங்களை நம்பி அனுப்ப முடியாதாம்.

கடைசியாகத் தன்னையே வரைந்தார்.
கண்ணாடி பார்த்து முகத்தை முடித்துவிட்டு
கோட்டைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.
உள்பையில் அந்த நியூயார்க் சீட்டு, பாதி கிழிந்து.
ஒன்றும் கேட்கவில்லை நான்.
பொத்தான்களைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

இப்போது அரசு மாளிகையில்
எல்லாரையும் வரிசையாக மாட்டியிருக்கிறார்கள்.
'தள்ளி நில்லுங்கள் அம்மா' என்கிறான் காவலாளி.
தள்ளி நின்றாலும் தெரிகிறது:
சலவை மூட்டை சுமந்த என் இடது தோள்
ராணுவத்துக்கும் திருச்சபைக்கும்
ஒரே அளவு இறங்கியிருப்பது.