பல்லும் பித்தளையும்

நான் ட்ரம்பெட்டைத் தேர்ந்தெடுத்தது
இசைக்காக அல்ல, இப்போது சொல்லலாம்.
அது வாயை மூடிக்கொள்ளும்.

ஒருரோவில் பன்னிரண்டு வயதானால்
எதையாவது ஊதுவோம், இல்லையென்றால் அடிப்போம்.
மரம் வளரத் தயங்கும் உயரம்.
காற்று கிளம்பினால் தகரக் கூரைகள்
தாமாகவே ஒத்திகை பார்க்கும்.

என் மேல்வரிசையில் ஒரு பல்
முன்னால் நிற்பவன் தோளில் ஏறி
எட்டிப் பார்க்கும்.
பக்கத்துப் பல் கோபித்துக்கொண்டு
சுவர்ப்பக்கம் திரும்பியிருக்கும்.
பள்ளி அடையாள அட்டைகள் ஐந்திலும்
துக்கம் விசாரித்துத் திரும்பிய முகம்.

சிரிப்பு வந்தால் கை முந்தும்.
கையில் ரொட்டி இருந்தால் ரொட்டி முந்தும்.
ரொட்டியும் இல்லாத நாளில்
கீழே விழாத ஒன்றைக் குனிந்து தேடுவேன்.

அப்பா மினிபஸ் ஓட்டுகிறார்.
மருத்துவர் தீகோனா
இருபத்துநான்கு தவணை என்றதும்
பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினார்.
பல்லுக்காகப் பல்லைக் கடிக்கிறார், என்றாள் அம்மா.
யாரும் சிரிக்கவில்லை.
எனக்குச் சிரிப்பு வந்தது, குனிந்துகொண்டேன்.

கிளிப் மாட்டிய அன்று
வாய்க்குள் வேலி போட்டுவிட்டுப் போனார்கள்.
நிலம் என்னுடையது, வேலி தவணையில்.
இரவெல்லாம் ஈறில் உழவு.
வறுத்த சோளம் கூடாது, உப்புக்கறி கூடாது.
ஊதாச்சோளக் கஞ்சி மட்டும் குடிக்கலாம்,
குடித்தால் ஊதா ரப்பர் வளையம்
இன்னும் ஊதாவாகும்.
குளிர்காலையில் வாய் திறந்தால்
முதலில் விறைப்பது கம்பிதான்.

ட்ரம்பெட்டை வைத்து அழுத்தினேன்.
மெழுகு ஒட்டி அழுத்தினேன்.
உச்ச ஸ்வரத்துக்குப் போனபோது
உள்ளுதடு கிழிந்தது.

கார்னிவலுக்கு ஏழு வாரம்.
குழுவை நடத்தும் எலிசேயோவுக்கு
என்னைவிட ஆறு வயதுதான் அதிகம்.
என் உதட்டைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான்,
சுவரில் தொங்கிய தாளத்தட்டு இரண்டையும்
எடுத்து நீட்டினான்.

தட்டை நெஞ்சுக்கு நேரே பிடிக்க வேண்டும்.
இரண்டு கையும் போயிற்று.
முகத்துக்கு முன்னால் வெறும் காற்று.

முதல் வாரம் உதட்டை இறுக்கிக்கொண்டே அடித்தேன்.
இரண்டாம் ஞாயிறு, மருந்துக்கடைத் திருப்பத்தில்
சுழற்றி வீசிய வலது தட்டு
வார் அறுந்து, தரையில் உருண்டு,
டியூபா ஊதும் யெர்கோவின் கால்களுக்கிடையே புகுந்து,
சாலை தாண்டி
ரொட்டிக்காரியின் கூடையில் போய்ச் சாய்ந்தது.
அவள் அதைத் துடைத்தாள்.
ஒரு ரொட்டியை அதில் வைத்து
பரிமாறுவதுபோல நீட்டினாள்.

சிரித்துவிட்டேன்.
கை முந்தப் பார்த்தது.
இடக்கையில் தட்டு,
வலக்கையில் ரொட்டியோடு தட்டு.
இருபத்தெட்டுப் பல்லும் கம்பியோடு
தெருவிளக்கில் வந்து நின்றன.

"ஏய் தனிட்சா, உன் வாயிலும் பித்தளை!"
என்றான் யெர்கோ.
எஃகுடா, என்றேன்.
தவணை எஃகு. பாதி இன்னும் அப்பாவுடையது.

அன்றோடு எல்லாம் மாறியது என்று சொல்ல மாட்டேன்.
மறுநாள் பள்ளியில் கை வழக்கம்போல முந்தியது.
புதன்கிழமை கொஞ்சம் தாமதமாக வந்தது.
வெள்ளிக்கிழமை பாதி வழியில் நின்று
மூக்கைச் சொறிந்துவிட்டுத் திரும்பிப் போனது.

கார்னிவலில் எங்களுக்கு முன்னால்
நூற்றுக்கணக்கில் பிசாசு முகமூடிகள்.
கோணல் பல், கொம்புப் பல், கண்ணாடிப் பல்.
ஒன்றாவது வாயை மூட வேண்டுமே!
நான்கு மணி நேரம் அவற்றின் பின்னால்
வாய் பிளந்து அடித்துக்கொண்டே போனேன்.
தொண்டைக்குள் தூசி.

தவணை முடிந்து இரண்டு மாதம் கழித்து
வேலியைப் பிடுங்கினார்கள்.
நாக்கு இரவெல்லாம் அதைத் தேடி
வழவழப்பில் வழுக்கியது.
எட்டிப் பார்த்த பல்
இப்போது வரிசையில் நிற்கிறது,
கொஞ்சம் சலிப்போடு.

எலிசேயோ ட்ரம்பெட்டைக் கொண்டுவந்தான்.
உதடுதான் ஆறிவிட்டதே, என்றான்.
ஒருமுறை ஊதிப் பார்த்தேன்.
நன்றாகத்தான் வந்தது.
துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டு,
தட்டுகளுக்குப் புது வார் போட்டாயிற்றா
என்று கேட்டேன்.