மூணாறு தலைப்பு, இரவு 2.10

தோஹா முதல் சிங்கப்பூர் வரை
ஆறாயிரத்து இருநூறு கிலோமீட்டர்.
ஏழரை மணி நேரம்.
சாப்பாடு ஒருமுறை, டீ ஒருமுறை.
டிக்கெட்டை எனக்கும் அனுப்பியிருந்தாள் இளவரசி.
நாற்பத்தொன்றாவது வரிசை, நடு சீட்டு.

ஒரு ஆஸ்பத்திரி முடிந்து அடுத்த ஆஸ்பத்திரி.
நடுவில் நான்கு நாள் வந்துவிட்டுப் போயேன் என்றேன்.
திங்கட்கிழமை சேரச் சொல்றாங்க,
டிக்கெட்டும் அவங்க எடுத்ததுதான் என்றாள்.
சரி என்றேன்.

எனக்குத் தெரிந்த தூரங்கள் வேறு.
மேட்டூரில் திறந்த தண்ணீர்
கல்லணையில் பூத்தூவப்பட்டு, படமெடுக்கப்பட்டு,
வெண்ணாற்றில் இறங்கி,
மணல் குடித்தது போக மிச்சம்
எட்டாம் நாள் என் ஷட்டருக்கு வந்தது.
களப்பாளுக்கு இன்னும் போகவில்லை.
களப்பாள் ரத்தினசபாபதி
நாளைக்கு மூன்று முறை போன் போடுகிறார்:
"தம்பி, தண்ணி இப்ப எங்க வருது?"
லேட்டாக வரும் ரயிலைக் கேட்பதுபோல.

முக்கொம்பிலிருந்து கடல் வரை
அவள் விமானத்துக்குப் பத்தே நிமிடம்.
கைபேசியில் பார்த்தேன்.
கோடு நேராக நீடாமங்கலத்தின் மேல் போகிறது.
உயரம் பதினொரு கிலோமீட்டர்.
மன்னார்குடியே இங்கிருந்து பதினாலு.
இரண்டு வருஷத்தில்
அவள் இவ்வளவு பக்கத்தில் வந்ததில்லை.

பார்க்கலாம் என்றால் மேகம்.
கேட்கலாம் என்றால் தண்ணீர்.
ஷட்டருக்கு அடியில் அது போடும் இரைச்சலில்
நான் தும்மினால் எனக்கே கேட்காது.

ஒன்றரை மணிக்குச் சாவியை எடுத்தேன்.
கோரையாற்றுப் பக்கம் ஐந்து கண்.
கை முழுக்க கிரீஸ்.
நான்காவது பாதியில் இடுக்கிக்கொண்டது,
கைப்பிடியில் வயிற்றை வைத்து அழுத்தினேன்.
ஐந்தாவதையும் இறக்கியபோது இரண்டு ஐந்து.

தவளை கேட்டது.
கேட்டுக்கு அந்தப் பக்கம் சரக்கு ரயில்
பெருமூச்சு விட்டு நின்றது கேட்டது.
அடைத்த தண்ணீர் ஷட்டரின் பின்னால்
ஏறிக்கொண்டிருந்ததுகூட,
காது கொடுத்தால், கேட்டது.

இரண்டு பத்து.
மஞ்சள் விமானம் திரையில் என் தலைக்கு மேல்.
வானத்தில் ஒன்றுமில்லை.
முப்பது எண்ணிய பிறகு வந்தது,
யாரோ பெரிய அண்டாவை
சிமெண்ட் தரையில் இழுத்துப் போவதுபோல.
அதற்குள் அவள் கொரடாச்சேரியை நெருங்கியிருப்பாள்.
நான் கேட்டதெல்லாம்
அவள் இருந்துவிட்டுப் போன இடத்தை.

தூங்கியிருப்பாள்.
இரட்டை டியூட்டி பார்த்துவிட்டு ஏறியவள்.
கழுத்துவரை கம்பளி,
பக்கத்து ஆளின் முழங்கை ஒருபுறம்,
இன்னொரு ஆளின் முழங்கை மறுபுறம்,
கீழே நான்.

பிறகு ஐந்தையும் தூக்கினேன்.
இறக்குவதைவிடத் தூக்குவது கஷ்டம்,
லஸ்கர் வேலையில் முதல் நாளே
சொல்லித் தராமல் தெரிந்துகொண்டது.

காலையில் இரண்டு செய்தி.
"சேர்ந்துட்டேன். தண்ணி வந்துச்சா?"
"தம்பி, நேத்து ராத்திரி ஏதாவது அடைச்சீங்களா?"
முதலாவதற்கு வந்துச்சு என்று போட்டேன்.
இரண்டாவதை எடுக்கவில்லை.

ஒன்பது மணிக்கு ஸ்டெல்லா மேடம்
ஜீப்பிலிருந்து இறங்கியதும் ரிஜிஸ்டரைக் கேட்டார்.
மேல்கேஜ் ஏழு அங்குலம் ஏறி இறங்கியிருக்கே, ஏன்?
காரணம் என்ற கட்டத்தில்
விடியற்காலையிலேயே எழுதி வைத்திருந்தேன்:
ஆகாயத்தாமரை.

"எடுத்தாச்சா?" என்றார்.
"போயிடுச்சு மேடம்."
கையெழுத்துப் போட்டார்.