விகுதி

குளச்சலில் படகைக் கரையேற்றியிருக்கிறோம்.
உப்புத்தாள், சுரண்டி, அரை டின் பிரைமர்.
வீல்ஹவுஸ் நெற்றியில் அழிக்க வேண்டியது ஒரே வரி:
உரிமையாளர் எ. பெர்னதெத்.

என் சித்தி.
அப்பா கடலோடு போனபோது எனக்கு ஏழு வயது,
முதல் தாரத்து மகன்.
படகு என் பெயரில். எனக்குப் பதினெட்டு ஆகும்வரை
பார்த்துக்கொள்ளத்தான் அவள்
என்று கமிட்டியில் கையெழுத்துப் போட்டார்கள்.

அடுத்த ஆடிக்குள் இனிஷியலை மாற்றினாள்.
புருஷன் எழுத்தை உதறி
தகப்பன் எஸ்தாக்கியின் எழுத்தைத் திருப்பி எடுத்தாள்.
"மரிக்கும்போ அப்பன் எனக்க கையிலதான் காம்பஸத் தந்தாரு."
சாட்சிக்கு இருந்தவர் செத்தவர் ஒருவர்தான்.

இன்னொரு நாள் சொன்னாள்,
அவள் பிறந்த ராத்திரி கடல் நடைவரை ஏறி வந்து
அப்பன் சத்தத்தில் அம்மையைக் கூப்பிட்டதாம்.
சிரித்தவர்கள் மறு வருஷம்
அதையே பிள்ளைகளுக்குச் சொன்னார்கள்.

சேலைமேல் அப்பாவின் முழுக்கைச் சட்டை.
பையில் ஏலச் சீட்டு, பேனா,
ஒருநாளும் பற்றவைக்காத ஒரு கட்டு பீடி.

நாகர்கோவிலில் பி.ஏ. இரண்டாம் வருஷம்
அந்தப் படம் வந்தது: ஹட்செப்சுட்.
மோவாயில் கயிறு கட்டிய தாடி.
ஆமுன் தெய்வமே தகப்பன் உருவில் வந்து
தன்னைப் பெற்றதாகக் கோயில் சுவரில் செதுக்கியவள்.
அவர்கள் பாஷையில் ராணி என்றால்
அரசன் பெண்டாட்டி, அவ்வளவே.
ஆள்கிறவளுக்குச் சொல் இல்லை.
அரசன் என்றே எழுதச் சொன்னாள்.
சிற்பி மார்பைத் தட்டையாக்கினான்.
எழுதியவன் மட்டும் அங்கங்கே
பெண் விகுதியை விட்டுவைத்தான்.

பின்பெஞ்சில் குனிந்து சிரித்தேன்.
எங்கள் ரசீதுப் புத்தகத்தில் கணக்கப்பிள்ளை எழுதுவார்:
"உரிமையாளர் நேரில் வந்தார், பணம் பெற்றுக்கொண்டாள்."

அவள் பெயரைக் கொத்தி எடுத்தவன்
புருஷனின் இன்னொருத்தி மகன்.
அதுவும் உடனே இல்லை, இருபது ஆண்டு கழித்து.
காரணம் தருக, ஐந்து மதிப்பெண்.
பகை என்று எழுதினேன். இரண்டு போட்டார்கள்.

பகையென்றால் முதல் நாளே கொத்தியிருப்பான்.
எனக்கும் மகன் இருக்கிறான்.
வங்கிக் கடன் மனுவில்
அப்பா, நான், அவன் என்று வரிசை நேராக நிற்க வேண்டும்.
நடுவில் ஒரு பெர்னதெத் வந்தால்
மேனேஜர் கேட்பார், "இவங்க யாரு?"

சுரண்டுகிறேன். நிறம் போகிறது, எழுத்து போகவில்லை.
வருஷா வருஷம் அதே தடத்தில் அடித்த பச்சை
பலகையில் புடைத்துக் கிடக்கிறது.
கண்ணை மூடி விரலால் படிக்கலாம்.
மேலே பிரைமர் அடித்தால்
உப்புக்காற்று படாமல் இன்னும் கொஞ்ச காலம் நிற்கும்.

"லே, முடிஞ்சா?" கீழிருந்து ராபின்சன்.
முடிஞ்சு என்கிறேன்.

'எ' மட்டும் பாக்கி.