எடைமேடைக்காரன் கொண்டுவந்த குப்பி

புதுவயல் ஆலையில் மதியச் சங்கு ஊதியதும்
கணக்கு நோட்டை மூடிவிட்டு
இடுப்பில் ஊசி போட்டுக்கொள்வேன்.
பதினோரு வருசம், தவிட்டுத் தூசிக்கு நடுவே.
அதனால்தான் சேவுகன் என்னிடம் வந்தான்,
எடைமேடைச் சேவுகன்,
ராத்திரியில் கோட்டையூர் ஜிம்மில்
நூறு கிலோவைத் தூக்கி நிறுத்துகிறவன்,
ஒரு மாதமாய் வலது கையால்
தலை சீவ முடியாதவன்.

சட்டைப் பையிலிருந்து எடுத்தான்.
சுண்டுவிரல் உயரக் குப்பி,
அடியில் உப்புப் பூத்ததுபோல் வெள்ளைப் பொடி.
"பெப்டைடாம்க்கா. தோளுக்கு. கூரியர்ல வந்துச்சு.
ஊசி போடத்தான் தெரியல."

நானும் அதைத்தானே போடுகிறேன் என்றேன்.
நம்பவில்லை.
இன்சுலினும் பெப்டைடுதாண்டா.
அமினோ அமிலத்தை ஒவ்வொன்றாய்க் கோத்த சின்னச் சரம்.
என்னுடையதில் ஐம்பத்தொரு மணி, இரண்டு இழையாய்.
உடம்பு தானே கோத்துத் தனக்கே அனுப்பும் தாக்கல் அது:
இன்ன வீட்டுக்குப் போ, கதவைத் தட்டு, இதைச் சொல்.
என் உடம்பு அனுப்ப மறந்ததை
நான் காசு கொடுத்து வாங்கி அனுப்புகிறேன்.
விழுங்கினால் வயிறு அதையும்
பருப்பென்று நினைத்துச் செரித்துவிடும்.

கையைக் கழுவு. ரப்பர் மூடியைத் துடைத்துக்
காயவிடு, ஊதாதே.
நேற்றுக் குத்திய இடத்தில் இன்று குத்தாதே.
உன் ஊசி உனக்கு மட்டும், கூடப் பிறந்தவனே கேட்டாலும்.
போட்டு முடித்ததைக் கெட்டி டப்பாவுக்குள் போடு,
குப்பை அள்ளும் ராக்காயியின் விரலை நினைத்துக்கொண்டு.
குளிரில் வை, ஆனால் உறையவிடாதே.
ஒரு கத்தரி வெயிலில் ஐஸோடு ஒட்டவைத்து
ஒரு மாத மருந்தைக் கொன்றவள் நான்.

பிறகுதான் குப்பியைத் திருப்பினேன்.
எறும்பு எழுத்தில்:
ஆய்வுக்கு மட்டும், மனிதர்க்கு அல்ல.
செய்தவன் பெயர் இல்லை.
"எவ்வளவு போடணும்னு யார் சொன்னா?"
"மாஸ்டர். பத்துக் கோடுன்னாரு."

பத்துக் கோடு.
என் மருந்துக்கு அந்தக் கோடு பத்து யூனிட்.
உன் பொடிக்கு அது
நீ எவ்வளவு தண்ணீர் விட்டாய் என்பதைப் பொறுத்தது.
மில்லிக்கும் மைக்ரோவுக்கும் நடுவே மூன்று சைபர்.
உன் மேடையில் மூன்று சைபர் பிசகினால்
ஒரு கிலோ நெல் ஒரு டன்.

அது அவனுக்குப் புரிந்தது.
முத்திரை ஆய்வாளர் வந்து
படிக்கல் ஏற்றிப் பார்த்து ஈயம் குத்திய மேடை அது.
வெறும் லாரியை நிறுக்காமல்
நெல் எடையை எழுதமாட்டான்,
முதலாளி மச்சினன் வண்டியே ஆனாலும்.
"இதுக்கு எவன்டா முத்திரை குத்தினான்?"
குப்பியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வேலை செய்யாது என்று நான் சொல்லவில்லை.
எனக்குத் தெரியாது.
எலிக்குத் தசைநார் சேர்ந்தது என்று போனில் காட்டினான்.
எலி நூறு கிலோ தூக்காது.
இதை மனதுக்குள் வைத்துக்கொண்டேன்.
எனக்கு டாக்டர் சீட்டு உண்டு, பேட்ச் நம்பர் உண்டு,
சர்க்கரை இறங்கினால் வாயில் போட
மடியில் குளுக்கோஸ் பொட்டலம் உண்டு.
இத்தனையும் இருந்தே ஒருநாள் இரண்டு தடவை போட்டுவிட்டு
வேர்த்து ஒழுக உமி மூட்டைமேல் கிடந்தேன்.

திங்கட்கிழமை, சந்தைக் கூட்டத்தில் பஸ் ஊர,
காரைக்குடி எலும்பு டாக்டரிடம் போய்வந்தான்.
குப்பியைக் காட்டு என்று சொல்லி அனுப்பினேன்.
காட்டினானா, கேட்கவில்லை.
ஸ்கேன் எழுதியிருக்கிறார்.
எடை தூக்காதே என்றாராம்; அன்றைக்கு முழுக்க
யாரோடும் பேசவில்லை.

குப்பி ஆபீஸ் குளிர்ப்பெட்டியில் இருக்கிறது,
முதலாளியின் மோருக்குப் பின்னால்.
எறியவும் இல்லை, குத்தவும் இல்லை.

இன்று மதியம் நான் ஊசியைச் சுண்டிக் குமிழி ஏற்றும்போது
எதிரே வந்து நின்றான்.
"வலிக்குமாக்கா?"
பதினோரு வருசத்தில் இந்த ஆலையில்
யாரும் கேட்டதில்லை.
"பழைய ஊசின்னா வலிக்கும்."

வெளியே லாரி ஹாரன் அடித்தது.
இடது கையால் சீட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனான்.