மீதிச் சில்லறை

அக்டோபரிலிருந்து நானும் விஸ்மாவும்
தனித்தனிக் கோப்பை, தனித்தனித் துண்டு.
வீட்டை விற்பதா வேண்டாமா என்று
ஒரு ஞாயிறு முழுக்கக் கத்தித் தீர்த்த பிறகு
மேசையில் சீட்டு எழுதிவைத்துப்
பேசிக்கொள்கிற அக்கா தங்கை.

ஜனவரியில் பெலே தும்மினாள்.
பெலே என்றால் எங்கள் மொழியில் எலி.
பூனைக்கு அப்படிப் பெயர் வைத்தது விஸ்மாதான்,
வீட்டில் சிரிப்பு இருந்த காலத்தில்.

பதினொரு தும்மல்வரை எண்ணினேன்.
விடிந்தபோது பீளை கட்டி
இமையோடு இமை ஒட்டிக் கிடந்தது.
நாக்கோரத்தில் புண்.

டாக்டர் வானகா சொன்னாள்:
பூனைச் சளிக்காய்ச்சல்.
உங்களுக்கு ஒட்டாது, இன்னொரு பூனைக்கு ஒட்டும்.
தும்மலின் துளி ஓர் ஆள் நீளம் பறக்கும்,
மீதித் தூரத்துக்கு
உங்கள் கையிலும் சட்டையிலும் சவாரி செய்யும்.
பிரித்து வையுங்கள். கோப்பை வேறு, மண்தட்டு வேறு.
இன்னும் ஒரு நாள் தின்னாவிட்டால் தூக்கி வாருங்கள்.

பிரித்து வைப்பது எங்களுக்குக்
கைவந்த கலை என்று அவளிடம் சொல்லவில்லை.

சீட்டு எழுதினேன்:
குளியலறை பெலேவுக்கு. ரூட்சிஸ் உன் அறையில்.
முதலில் அவனைப் பார், இவளை நான் பார்க்கிறேன்.
கீழே அவள் கையெழுத்து:
நாம் எங்கே குளிப்பதாம்?
மூன்று மாதத்தில் அவள் கேட்ட முதல் கேள்வி.

கடைசி டிராமை டெப்போவில் விட்டு வருவேன்.
லியெபாயாவின் காற்று படிக்கட்டுவரை கூடவே வரும்.
சீருடையைக் கழற்றி வெளியே மாட்டிவிட்டு
உள்ளே ஆணியில் தொங்கும்
அப்பாவின் மழைக்கோட்டை அணிந்துகொள்வேன்.
அந்தக் கோட்டு அந்த அறையை விட்டு வராது.
வெந்நீர்க் குழாயைத் திறந்தால்
கண்ணாடி மறையும், ஓடு மறையும்,
ஆவிக்குள் அவள் மூச்சு மட்டும்
கரகரவென்று கேட்டுக்கொண்டிருக்கும்.
ஆறிய உப்புநீரில் பஞ்சை நனைத்து
வலக்கண்ணுக்கு ஒன்று,
இடக்கண்ணுக்கு வேறொன்று.
அவள் என்னைக் கீறவில்லை.
அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வேகவைத்த மீனை உள்ளங்கைச் சூட்டில் பிசைந்து நீட்டினேன்.
முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.
மூக்கடைத்த பூனைக்கு
மீனும் கல்லும் ஒன்று.

இரண்டாம் இரவு, கதவுக்கு வெளியே:
"தின்றாளா?"
எழுத்தில் பார்த்துப் பழகிய குரல்.
"இல்லை."
"தண்ணீர்?"
"மூன்று நக்கு."
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு
கதவின் அடி இடுக்கில்
தட்டையாக ஏதோ ஊர்ந்து வந்தது.
அவளுடைய தொழிற்சாலைக் கையுறை.
நாள் முழுதும் ஸ்ப்ராட் மீன் தலை கிள்ளுகிற,
எண்ணெயும் புகையும் நூலுக்குள் ஏறிப்போன கையுறை.
இந்த நாற்றத்தோடு சமையலறைக்குள் வராதே என்று
எத்தனை முறை நான் சொன்ன நாற்றம்!

பெலேவின் காது முதலில் அசைந்தது.
கழுத்து நீண்டது.
கட்டைவிரலை முகர்ந்தாள், நக்கினாள்,
பிறகு பக்கத்திலிருந்த மீனை
யாரோ அப்போதுதான் கொண்டுவைத்ததுபோல்
திரும்பிப் பார்த்தாள்.

"விஸ்மா, தின்கிறாள்."
"கையுறையைத் திருப்பித் தராதே" என்றாள்,
"இங்கே ரூட்சிஸ் இருக்கிறான்."

தும்மல் நின்ற பிறகும் இரண்டு வாரம் கதவைத் திறக்கவில்லை.
தரையைக் கிருமிநாசினி ஊற்றித் தேய்த்தேன்,
போர்வையைக் கொதிக்கவைத்தேன்,
கையுறையை எரித்தேன்.
ரூட்சிஸ் ஒரு தும்மல்கூடத் தும்மவில்லை.

டாக்டர் கடைசியாகச் சொன்னதைச்
சீட்டில் அப்படியே எழுதிவைத்தேன்:
கிருமி போகாது, உள்ளே தூங்கும்.
வீடு மாறினால், வீட்டில் சத்தம் கூடினால்
மறுபடி விழிக்கலாம்.

அதற்கு அவள் பதில் எழுதவில்லை.
சீட்டைத் திருப்பிப் போட்டு ஒரு கணக்கு:
பஞ்சு, கிருமிநாசினி, புதுக் கையுறை.
உன் பங்கு நான்கு யூரோ பத்து.

ஐந்து யூரோத் தாளை வைத்துவிட்டுப் படுத்தேன்.

பதினொரு மணிக்குக் கதவு தட்டும் சத்தம்.
மீதிச் சில்லறையோடு நிற்கிறாள்,
காலடியில் இரண்டு பூனைகளும்.