காலி எடை

முதலில் வெறும் வண்டி ஏறும்.
அப்புறம் மலையைச் சுமந்துகொண்டு வரும்.
ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து
மூன்றாவது வரியில் அச்சடிப்பது என் வேலை.
ராதாபுரம் சாலை எடைமேடை,
காலை எட்டு முதல் இரவு எட்டு வரை.

ஆனி பிறந்துவிட்டால் எண் நிற்காது.
கணவாய் வழியாக வரும் காற்று
காற்றாலைகளைச் சுற்றியது போக மிச்சத்தை
லாரித் தார்ப்பாய்க்குள் விட்டு உலுக்கும்.
நாற்பத்தொன்று முந்நூற்றெண்பது,
நாற்பத்தொன்று நானூறு,
நாற்பத்தொன்று முந்நூற்றறுபது.
தராசு நடுங்கும்போது பட்டனை அமுக்கக் கூடாது.

ஆல்பர்ட் சன்னலில் தலையை நீட்டுகிறான்.
"பிலோமின் அக்கா, முப்பத்தஞ்சு போடுங்க.
எவன் எறங்கிப் பாக்கப் போறான்?"
டீ கிளாசுக்கு அடியில்
நான்காய் மடித்த ஐந்நூறு.

எட்டாம் வகுப்பில்
நன்னெறிப் பரீட்சைக்கு மட்டும்
இம்மாகுலேட் சிஸ்டர் வினாத்தாளைக் கொடுத்துவிட்டு
வெளியே போய்விடுவார்.
கதவு திறந்தே கிடக்கும்.
வடக்கன்குளத்து வெயில் உள்ளே வந்து
பெஞ்சு பெஞ்சாய் நடக்கும்.
நான்காம் கேள்வி: நேர்மை என்றால் என்ன?
பக்கத்தில் முத்துப்பேச்சி
தாளைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள்.
பார்த்து எழுதினேன் நேர்மையை,
முற்றுப்புள்ளி உட்பட.

ஞானஸ்நானம் வாங்கியவள் நான்.
புதுநன்மைக்கு வெள்ளைக் கவுன் போட்டவள்.
அவள் வீட்டில் இசக்கிக்குப் பொங்கல்.
பன்னிரண்டு மணிக்கு மூவேளை மணி அடித்தால்
எல்லாரோடும் எழுந்து நிற்பாள்,
உதடு அசையாது.
அவள்தான் மறுநாள் தானாகப் போய்ச் சொன்னாள்:
"சிஸ்டர், நான் பேப்பரைக் காட்டினேன்."
யாருக்கென்று சொல்லவில்லை.
காட்டினாள்; காட்டிக்கொடுக்கவில்லை.
ஐந்து மார்க் போனது அவளுக்கு.
என் தொண்ணூற்றிரண்டு அப்படியே இருந்தது.
சிஸ்டர் என்னைக் கேட்கவேயில்லை.
பத்தாவது முடித்துப் போகும்வரை
கேட்கவேயில்லை.

முத்துப்பேச்சி இப்போது சமூகரெங்கபுரத்தில்
பால் சொசைட்டியில் இருக்கிறாள்.
கேனில் தண்ணீர் என்று
சொந்த மாமனார் பெயருக்கு நேரே எழுதினாளாம்.
நாலு நாள் வீட்டில் யாரும் அவளோடு பேசவில்லை.
"என்னட்டி செய்ய," என்கிறாள் போனில்,
"அந்தச் சனியன் பிடிச்ச பரீட்ச
இன்னும் முடியலயே."

ஹாரன் அடிக்கிறான் ஆல்பர்ட்.
காற்று ஒரு மூச்சு நிற்கிறது.
நாற்பத்தொன்று முந்நூற்றெண்பது.
அமுக்குகிறேன்.
கிளாசைத் தூக்கிப் பணத்தைத் திருப்பித் தள்ளுகிறேன்.
கெட்ட வார்த்தை ஒன்றை வாய்க்குள் மென்றபடி
சீட்டைப் பிடுங்கிக்கொண்டு போகிறான்.
அவனும் சாமியார் ஸ்கூல்தான்,
பையன்கள் பக்கம்.

இதை இங்கேயே முடித்தால் நல்ல கதை.
ஆனால் போன மாதம் இருபத்துமூன்றாம் தேதி
ஒரு முப்பத்தைந்து அடித்திருக்கிறேன்.
மகளுக்கு ஃபீஸ் கட்டுகிற வாரம்,
அதே பள்ளிக்கூடத்தில்.
அந்தச் சீட்டின் கார்பன் நகல்
பர்ஸில், மாதா படத்துக்குப் பின்னால் இருக்கிறது.
இன்னும் யாரிடமும் போகவில்லை நான்.

இரவு ஷட்டரை இறக்குமுன் சில நாள்
ஆளில்லாத மேடையில் ஏறி நிற்பேன்.
அறுபது டன் தாங்கும் இரும்புக்கு
ஒருத்தி ஒரு கணக்கா?
சன்னல் வழியே சிவப்பு எண்ணைப் பார்ப்பேன்,
பர்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருமுறை,
கீழே வைத்துவிட்டு வந்து ஒருமுறை.
இரண்டும் அறுபது கிலோ.
மூன்றாவது வரி மட்டும்
அச்சாக மாட்டேன் என்கிறது.